போஸ்கேல் ஃபெல்: லேக் டிஸ்ட்ரிக்டில் முதல் மலைநடைக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் வாழும் நம்மவர்கள், வடமேற்கு இங்கிலாந்தின் மலையும் ஏரியும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் போனால் பெரும்பாலும் இரண்டே வகை. விண்டர்மியர் ஏரியில் படகில் ஒரு சுற்று, கரையில் ஐஸ்கிரீம், சாயங்காலம் வீடு என்று முடித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. முதல் நாளே ஸ்காஃபெல் பைக் மலையில் ஏறி, இங்கிலாந்தின் மிக உயர்ந்த இடத்தில் நின்று படம் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. மலையில் நடக்க ஆசை, அனுபவம் இல்லை, கூட்டமும் பிடிக்காது என்பவர்களுக்கு நான் சொல்வது போஸ்கேல் ஃபெல்.

உயரம் 702 மீட்டர். லேக் டிஸ்ட்ரிக்டின் வடகிழக்கு ஓரத்தில், பேர்பெற்ற பிளென்காத்ரா மலையின் முதுகுப்புறம் இருக்கிறது. எல்லோரும் பிளென்காத்ராவுக்குப் போய்விடுவதால் இங்கே வாரநாளில் ஆள் நடமாட்டம் அபூர்வம். ஃபெல் என்றால் அந்தப் பக்கத்தில் மலை. டார்ன் என்றால் மலைமடியில் கிடக்கும் சிறு ஏரி. இந்த இரண்டு சொல் தெரிந்தால் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும்.

இந்த மலையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் உச்சி அல்ல, பாதி வழியில் இருக்கும் போஸ்கேல் டார்ன். அதுவரை நல்ல பாதை. வானிலை கெட்டால் டார்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம்; அதுவே ஒரு முழு நாள் நடைக்குரிய திருப்தியைத் தரும். புதியவர்கள் பலர் சிக்கலில் மாட்டுவது உச்சியைத் தவிர வேறு இலக்கே இல்லாத மலைகளில்தான். திரும்புவதற்கு நல்ல இடம் இல்லாவிட்டால் மனசு திரும்பவே விடாது.

வெள்ளியங்கிரி, பர்வதமலை ஏறிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள், பருவத்தில் சுக்குக் காப்பிகூடக் கிடைக்கும். இங்கே உச்சிக்குப் பக்கத்தில் படிக்கட்டு இல்லை, கடை இல்லை, வழி கேட்க ஆள் இல்லை. ஏற்றம் என்று பார்த்தால் வெள்ளியங்கிரிதான் கடினம். தனிமையும் வானிலையும்தான் இங்கே பரீட்சை.

முந்தின நாள்: வானிலை பார்ப்பது

ஃபோனில் பக்கத்து ஊரான கெஸ்விக் பேரைப் போட்டு, சூரியன் படம் வந்தால் கிளம்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது ஊருக்கான முன்னறிவிப்பு. மலைக்கென்று தனியாக இரண்டு உண்டு: பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை முன்னறிவிப்பு, மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் வெளியிடும் அறிக்கை. இரண்டும் இலவசம். குளிர்காலத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைனையும் பாருங்கள். அதற்காகவே நியமிக்கப்பட்ட ஒருவர் தினமும் ஹெல்வெலின் மலையில் ஏறி, பனி எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதுகிறார்.

இந்த அறிக்கைகளில் மழையை மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது காற்று. பள்ளத்தாக்கில் வீசுவதைப் போல உச்சியில் இரண்டு மடங்கு வீசுவது சாதாரணம். மலைமேல் மணிக்கு 30 மைலுக்கு மேல் காற்று என்று போட்டிருந்தால் முதல் நடையை உச்சிவரை கொண்டுபோகாதீர்கள். 40 மைலில் நேராக நடப்பதே போராட்டம். அதற்கும் மேலே போனால் காற்று ஆளைக் கீழே தள்ளும். குளிர்ச்சியும் காற்றோடு சேர்ந்துதான் வரும். வெப்பநிலை 5 டிகிரி, காற்று 30 மைல் என்றால் உடம்புக்கு அது மைனஸ் 1 போலத் தெரியும். ஏறும்போதே 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி குறைவதால், கிராமத்தில் இருந்ததைவிட உச்சி 3 டிகிரி குளிராக இருக்கும்.

அடுத்தது மேகம். உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று மவுன்டன் வெதர் அறிக்கை தனியாகச் சொல்கிறது. 50க்குக் கீழே என்றால் டார்ன் மட்டும் போதும். மூன்றாவது, உறைநிலை மட்டம், அதாவது வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம். அது 700 மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் உச்சியில் பனிக்கட்டி இருக்கலாம். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி), கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்புப் பற்கள்) பழகாதவர்களுக்கு அது இடமல்ல.

வானம் ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறது? அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. இந்த மலைகளின் மத்தியில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரை ஒட்டி வரும், சென்னையில் 1,400தான். 2015 டிசம்பரில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது, பிரிட்டனின் சாதனை. போஸ்கேல் கிழக்கே தள்ளி இருப்பதால் மழை கொஞ்சம் குறைவு. ஆனால் வேறு ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் ஏறுவது மலையின் வடக்குச் சரிவில். மழை வருவதோ தென்மேற்கிலிருந்து. வருகிற மேகத்தை மலையே உங்களிடமிருந்து மறைத்துவிடும். டார்ன் கரையில் வெயில் அடிக்கும், காற்றே இருக்காது. டார்னுக்கு மேலே உள்ள மலை விளிம்பில் கால் வைத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் முகத்தில் அடிக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாதம் என்று கேட்டால் மே, ஜூன், செப்டம்பர். ஜூன் நடுவில் இரவு 9:30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

உடையும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி எதுவுமே வேண்டாம், உள்ளே போடும் டி-ஷர்ட் உட்பட. நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம், இங்கே ஆபத்து. பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்சட்டை, மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் மழை ஜாக்கெட். மழை ஜாக்கெட்டின் தையல்கள் உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். 'ஷவர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தால் அது கடைத்தெருவுக்கு. மழை பேன்ட்டும் கட்டாயம். பலர் இதைத்தான் விட்டுவிட்டு வருவார்கள், பிறகு நனைந்த தொடையோடு நடுங்குவார்கள். எல்லாம் டெக்கத்லானில் சிக்கன விலைக்கே கிடைக்கும். முதல் நடைக்காக நானூறு பவுண்டு ஜாக்கெட் வாங்க வேண்டியதில்லை.

குல்லாவும் கையுறையும் ஜூன் மாதத்திலும் பையில் இருக்கட்டும். குடை எடுத்து வராதீர்கள். விளிம்பில் ஏறியதும் அது உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும்.

காசை எதில் போடுவது என்று கேட்டால் காலணியில். அடிப்பாகத்தில் ஆழமான பிடிப்பு வேண்டும். இந்த மலையின் பாறை ஸ்லேட் வகை. அதன் சில்லுகளும் மேலே வளரும் புல்லும் நனைந்தால் வழுக்கும். ஓட்டப்பயிற்சி ஷூ வறண்ட நாளில் டார்ன்வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. புது பூட்ஸை வீட்டைச் சுற்றி ஒரு வாரம் போட்டுப் பழக்கிவிட்டு வாருங்கள்.

இருபது, இருபத்தைந்து லிட்டர் பை ஒன்று. உள்ளே முதலில் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். எந்தப் பையும் முழுசாக மழையைத் தடுக்காது. வரைபடம், திசைகாட்டி, விசில், நெற்றி விளக்கு, பவர்பேங்க், சிறு முதலுதவிப் பொட்டலம், ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் சர்வைவல் பை. அந்தக் கடைசிப் பொருள் சில பவுண்டுதான். கால் பிசகி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் உதவி வரும்வரை அவரை உயிரோடு வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மலைக்குப் புளியோதரை கட்டும் வழக்கம் நமக்கு உண்டு, சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் குளிர்காற்றில் கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால் சோறு பிசைவது தண்டனை. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். கடலைமிட்டாய் ஜாக்கெட் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஃப்ளாஸ்க்கில் இஞ்சி டீ, தனியாக ஒரு லிட்டர் தண்ணீர்.

வரைபடமும் நேரக்கணக்கும்

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்5 தாளில் இந்த மலை முழுக்க வருகிறது. அளவு 1:25,000, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறக் கோடு பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள வழி. கண்ணுக்குத் தெரியும் பாதை கறுப்புப் புள்ளிக்கோடு. பச்சைக் கோடு இருக்கும் இடத்தில் எல்லாம் தரையில் பாதை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செயலியில் பார்ப்பதானால் வீட்டிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள், அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. குளிரில் ஃபோன் பேட்டரியும் சட்டென்று படுத்துவிடும். ஆகவே காகிதமும் வேண்டும்.

திசைகாட்டியை முன்கூட்டியே பூங்காவில் பழகிக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் சேர்த்து அதன் ஓரத்தை வரைபடத்தில் வையுங்கள். வட்டத்தைச் சுழற்றி உள்ளே உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்குங்கள். பிறகு கையில் மட்டமாகப் பிடித்து, சிவப்பு முள் அதன் கட்டத்துக்குள் வரும்வரை உடம்பைத் திருப்புங்கள். அம்பு காட்டுவதுதான் வழி. சிவப்பு முனைக்குப் பதில் வெள்ளை முனையைக் கட்டத்தில் வைத்தால் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இப்போது அங்கே மிகச் சிறியது, இந்த நடையில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நேரத்துக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம். நம் சுற்று ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர், ஏற்றம் 480 மீட்டர். கணக்குப்படி 2 மணி 20 நிமிடம். நேஸ்மித்துக்கு நல்ல கால். புதியவர்கள் அதோடு இன்னும் பாதியைக் கூட்டி, உட்காரும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால், எங்கே இருந்தாலும் மதியம் 1 மணிக்குத் திரும்புவது என்று ஒரு நேரத்தைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போய் விவாதித்தால் ஆர்வம் அதிகமுள்ளவர்தான் ஜெயிப்பார்.

நடை

போய்ச் சேர: எம்6 நெடுஞ்சாலையில் 40ஆம் சந்திப்பில் பென்ரித், அங்கிருந்து ஏ66இல் கெஸ்விக் நோக்கி மேற்கே. வழியில் வலப்பக்கம் மங்கிரைஸ்டேல் என்று பலகை வரும். எழுத்தைப் பார்த்து முங்ரிஸ்டேல் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கிராமத்தைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் போஸ்கேல் குடியிருப்பு, சில வீடுகள்தான். வண்டியைப் பண்ணை வாயில் எதையும் மறிக்காமல் நிறுத்துங்கள். ரயிலில் வருபவர்கள் பென்ரித்தில் இறங்கி ஏ66 வழியாகக் கெஸ்விக் போகும் பேருந்தைப் பிடிக்கலாம். பிரதான சாலையிலிருந்து கிராமம் 3 கிலோமீட்டர் நடை, அதையும் நேரக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

போஸ்கேலிலிருந்து மேற்கே ஒரு பழைய தடம் மலைச்சரிவை ஒட்டி மெதுவாக ஏறும். விக்டோரியா காலத்துச் சுற்றுலாப் பயணிகள் மட்டக்குதிரையில் ஏரி பார்க்கப் போன வழி இது. வலப்பக்கம் கீழே கால்டியூ ஆறு, எதிர்ப்புறம் கரடுமுரடான கேரக் ஃபெல். இந்த இரண்டரைக் கிலோமீட்டரில் வழி தவற வாய்ப்பே குறைவு. முதல் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வியர்க்கத் தொடங்கும் முன் ஃப்ளீஸைக் கழற்றிவிடுங்கள். வியர்வையும் ஈரம்தானே.

தடம் கடைசியில் இடப்பக்கம் திரும்பி, ஒரு மேட்டைத் தாண்டியதும் டார்ன் கண்ணில் படும். அதுவரை அது இருப்பதே தெரியாது. பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில், பின்னால் செங்குத்துச் சரிவு சூழ, கறுத்த தண்ணீர். சாகாவரம் பெற்ற இரண்டு மீன்கள் இதில் வாழ்வதாகக் கதை. நான் பார்த்ததில்லை, பார்த்ததாகச் சொல்பவரையும் பார்த்ததில்லை.

இங்கே உட்காருங்கள், டீ குடியுங்கள். முடிவெடுக்கும் இடம் இதுதான். மேலே விளிம்பு தெரிகிறதா, மேகத்துக்குள் இருக்கிறதா? விளிம்பைத் தாண்டி வரும் மேகத்துண்டுகள் வேகமாக ஓடுகின்றனவா? ஓடினால் மேலே காற்று பலம். கூட வந்தவர்களில் யாராவது பேசாமல் ஆகிவிட்டார்களா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். சரி, போகலாம் என்று தோன்றினால் குல்லா, கையுறை, மழை ஜாக்கெட் எல்லாவற்றையும் இங்கேயே, காற்றில்லாத இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால், படபடக்கும் ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டுவதற்குள் உடம்பு விறைத்துவிடும்.

டார்னிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஓடையைத் தாண்டி, மேற்குப் பக்கச் சரிவில் ஒரு சிறு பாதை வளைந்து வளைந்து ஏறும். நடையிலேயே செங்குத்தான பகுதி இதுதான். குட்டையாக அடி வையுங்கள். மேட்டுக்கு வந்ததும் நின்று, மேற்கே ஸ்கிடா மலைப் பக்கம் பாருங்கள். மலை இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்த வானம் அது. ஸ்கிடா தெளிவாகத் தெரிந்தால் நல்லது. சாம்பல் திரைக்குள் அது கரைந்துகொண்டிருந்தால் மழை பக்கத்தில் வந்துவிட்டது.

இங்கிருந்து தெற்கே, பிறகு கொஞ்சம் கிழக்கே, பள்ளத்தின் விளிம்பை இடப்பக்கம் வைத்து உச்சிக்குப் போக வேண்டும். விளிம்பை ஒட்டி நடக்காதீர்கள், தள்ளியே நடங்கள். உச்சியில் காற்றுக்குத் தடுப்பாக ஒரு கல் வளைவு கட்டியிருக்கிறார்கள். வானம் திறந்திருந்தால் தெற்கே பிளென்காத்ராவின் பின்பக்கம், கிழக்கே ஈடன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பென்னைன் மலைத்தொடர். அந்த அழகைப் பார்த்து, "அப்படியே பிளென்காத்ராவுக்கும் போய்விடலாமே" என்று குழுவில் ஒருவர் ஆரம்பிப்பார். வேண்டாம். அந்தப் பக்கம் ஷார்ப் எட்ஜ் என்ற கத்திமுனைப் பாறை இருக்கிறது, விபத்துகளுக்குப் பேர்போன இடம்.

இறங்குவது கிழக்கு முகடு வழியாக. புல்வெளி, அகலமான முதுகு, மேற்குக் காற்று என்றால் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். வடபக்கம் டார்ன் பள்ளம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அடிவாரத்தில் சாலையைத் தொட்டு இடப்பக்கம் திரும்பினால் போஸ்கேல். வழியில் பார்க்கும் வாயிற்கதவுகளைத் திறந்தால் மூடுங்கள். நாய் கூட வந்தால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்தத் திறந்தவெளியில் கயிற்றில் பிடித்திருப்பது சட்டம். ஆடுகள் இருக்கும் இடத்தில் எப்போதும்.

மேகம் இறங்கிவிட்டால்

முதலில் நில்லுங்கள். பாதை மறைந்த உடனே வேகமாக நடப்பதுதான் மனித சுபாவம், அது தொலைவதற்கான சுருக்குவழி. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று வரைபடத்தில் விரல் வையுங்கள். உச்சிக்கு முன்பே மூடிவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். உச்சியில் மூடினால், கல் வளைவிலிருந்து கிழக்கு முகட்டுக்கான திசையை வரைபடத்தில் அளந்து, திசைகாட்டியைப் பார்த்தபடி நடங்கள். இந்த அளவை வீட்டிலேயே எடுத்து எழுதி வைத்திருந்தால் மழையில் தாளை விரிக்க வேண்டியதில்லை. எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள்.

ஒருவருக்கு வாய் குழறுகிறது, கால் தடுக்குகிறது, ஜிப்பைப் போட முடியவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் குளிர் உள்ளே இறங்கிவிட்டது. உடனே காற்றிலிருந்து ஒதுக்கி, ஈர உடைக்கு மேல் கிடைத்ததையெல்லாம் போர்த்தி, இனிப்பு கொடுங்கள். மது கூடவே கூடாது.

உதவி தேவைப்பட்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள். அவர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேச சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்: ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று எழுதி 999க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்யுங்கள். இன்றே செய்துவிடலாம். ஃபோனே இல்லை என்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. விளக்கிலும் அதே கணக்கு. மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள். ஆனாலும் அவர்கள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.

கிளம்பும்போது எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருப்பீர்கள், சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு அவருக்கு. மறந்துவிட்டு மங்கிரைஸ்டேல் பப்பில் உட்கார்ந்திருந்தால், மீட்புக் குழு இருட்டில் உங்களைத் தேடிக் கிளம்பியிருக்கும். அப்புறம் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோடையில் அடிவாரத்து பிராக்கன் பெரணிச் செடிகளில் அது இருக்கும், லைம் நோய் பரவுவது அதனால்தான். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்துக் காயவையுங்கள், ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும்.